சாத்தனூர் லாம்ப்ரே

வாயை மூடிக்கொள்வதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற ஊர் எங்களுடையது. செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் போய்ப் பாருங்கள். கழுத்தில் ‘மௌனம்’ என்று அட்டை மாட்டிய ஒரு வெள்ளைக்காரர், இளநீர்க்காரரிடம் கையாலேயே பேரம் பேசிக்கொண்டிருப்பார். விசா முடிகிற வரைக்கும் பேச மாட்டாராம். பேசாமல் இருப்பதற்காக விமானம் ஏறி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். நான் பேசித்தான் சம்பளம் வாங்க வேண்டியிருக்கிறது. அதுவும், வாய் இருந்தும் தாடை இல்லாத மீன்களைப் பற்றி.

வேங்கிக்கால் தாண்டி ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதை விசாரிக்க ஒரு கமிட்டி போடுவார்கள், அந்தக் கமிட்டிக்கு டீ வாங்கிவர என்னையே அனுப்புவார்கள். பல வருடமாகத் தொகுப்பூதியம். அது என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் ‘பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்’ என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். ஜூன் மாதம் போன் பண்ணி மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். நடுவில் மே மாதம் நான் யாரும் இல்லை.

எங்கள் குடும்பம் கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை போடுகிற குடும்பம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கல்யாணத்தை மே மாதத்தில்தான் வைப்பார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பார் வருகிற இடைவெளியில் கேட்பார். “இன்னா பண்றம்மா இப்போ?”

“காலேஜ்ல டீச்சருங்க.”

சட்டப்படி அந்த மாதம் அது பொய். “இன்னா பாடம்?” என்று அடுத்த கேள்வி வரும். விலங்கியல் என்பேன். ஆராய்ச்சியெல்லாம் உண்டா என்பார்கள். தாடையில்லாத மீன் என்பேன். “கொழம்புக்கு நல்லா இருக்குமா?” என்று ஒரு பெரியப்பா நிஜமான அக்கறையோடு கேட்டிருக்கிறார். அவரையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மே மாதம் உள்ள ஒரு வேலை. அதற்காகத்தான் அத்தனை வருடமும் அந்தத் தாளில் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் வகுப்பு ஆரம்பித்ததும் முதலில் வருகிற பாடமே தாடையற்ற மீன்கள்தான். முதுகெலும்புள்ள பிராணிகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. இன்றைக்கு உயிரோடு இருப்பவை இரண்டே வகை. ஒன்று லாம்ப்ரே. பாம்பு மாதிரி உடம்பு, வட்டமான வாய், வாய்க்குள்ளே வட்ட வட்டமாகப் பல். கடிக்கத் தாடை கிடையாது. அதனால் அவற்றில் பல, வேறொரு மீனின் மேல் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு அதன் ரத்தத்திலேயே காலத்தை ஓட்டும். பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் சொல்ல நான் கல்லூரியை விட்டு வெளியே போனதில்லை.

இன்னொன்று ஹேக் மீன். ஆழ்கடலில் செத்து விழுந்த உடம்புக்குள் புகுந்து உள்ளேயிருந்தே சாப்பிடும். யாராவது பிடித்தால் உடம்பு முழுக்கக் கொழகொழவென்று சளியைக் கக்கும். பிடித்த கை வழுக்கிவிடும். பிறகு தன் உடம்பையே ஒரு முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சைத் தலை வரைக்கும் உருவி, தன் சளியைத் தானே துடைத்துக்கொண்டு போய்விடும். எங்கள் கல்லூரி முதல்வரிடம் ‘பர்மனென்ட்’ என்கிற வார்த்தையைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் ஒரே தடவையில் புரியும்.

அழிந்துபோனவைதான் ஜாஸ்தி. தலையில் எலும்புக் கவசம் போட்டுக்கொண்டு சேற்றை உறிஞ்சிக் காலம் தள்ளிய மீன்கள். உடம்பு சின்னதாக இருக்கும், தலை மட்டும் இரும்புச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். நிமிர்ந்து பார்க்க முடியாத அமைப்பு. தாடை உள்ள மீன்கள் பெருகியபோது இவை மெல்ல மெல்ல இல்லாமல் போயின. இந்த வகை முற்றிலும் அழிந்துவிட்டது என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதியவர் எங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வந்ததில்லை.

இந்த மூன்றுக்கும் எங்கள் துறை மியூசியத்தில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. லாம்ப்ரே ஒரு கண்ணாடி ஜாடியில் ஃபார்மலினில் கிடந்தது. ஹேக் மீன் இன்னொரு ஜாடியில். கவச மீனின் தலை மட்டும் பிளாஸ்டர் அச்சு. கல்லூரி ஆரம்பித்தபோது சென்னையிலிருந்து வாங்கியவை. லாம்ப்ரே நிறம் மங்கி, முற்றிப்போன முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் வாய் வட்டமாக இருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து “ஐயே” என்பார்கள். ஒரு லாம்ப்ரேவிடம் அதற்கு மேல் நான் எதிர்பார்த்ததில்லை.

அப்புறம் கமிட்டி வருகிறது என்றார்கள். கல்லூரிக்குத் தரம் போட வருகிற வெளியூர் கமிட்டி. நல்ல தரம் கிடைத்தால் நிர்வாகம் தொகுப்பூதியக்காரர்களை நிரந்தரமாக்கும் என்று முதல்வர் கூட்டம் போட்டுச் சொன்னார். அவர் வணிகவியல் ஆள். எதையும் விலையோடு சேர்த்துத்தான் சொல்வார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது வேதியியலில் என்னைப் போலவே தொகுப்பூதியத்தில் இருந்த தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எங்கள் இரண்டு பேருக்கும் மே மாதம் கண்ணுக்குத் தெரிந்தது.

வெள்ளையடிப்பு ஆரம்பித்தது. தாளாளர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, “பழசு ஒண்ணும் கண்ணுல படக் கூடாது” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். சொன்னால் சொன்னபடி செய்கிற ஊர் எங்கள் ஊர். நான் பரீட்சைப் பேப்பர் திருத்த வெளியூர் போயிருந்த நேரத்தில் மியூசியத்தையும் சுத்தம் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறெங்காவது மியூசியத்தில் பழசு இருக்கக் கூடாது என்று எடுத்துப் போட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஜாடிகளைப் பளபளவென்று கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவற்றைக் கொட்டிவிட்டார்கள். லேபிள்களை மட்டும் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். கவச மீனின் தலை, வெளியே பெயின்ட் டப்பா நகராமல் முட்டுக் கொடுத்திருந்தது. அதில் பாதி உடைந்துவிட்டது.

தாடையற்ற மீன்களின் வம்சம் பூமியின் பேரழிவுகளையெல்லாம் தாண்டி வந்தது. டைனோசர் போனபோது அது போகவில்லை. எங்கள் கல்லூரி வெள்ளையடிப்பில் போய்விட்டது.

முதல்வர் அறையில் போய்ச் சொன்னேன். கூடவே எங்கள் துறைத் தலைவர் அம்மாவும் வந்தார். அவர் மட்டும்தான் எங்கள் துறையில் நிரந்தரம். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்ததால் எதற்கும் பதில் சொல்லாமல் இருப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். முதல்வர் என்னிடம் சொன்னார். “ரிப்போர்ட்ல லாம்ப்ரே இருக்குதுன்னு எழுதிட்டோமே மேடம். வேற ஒண்ணு வாங்கிக்கினு வாங்க.”

“அது நம்ம நாட்டு ஆத்துல கிடைக்காதுங்க சார். குளிர்ப் பிரதேசத்து மீன்.”

“சாத்தனூர் டேம்ல பாத்தீங்களா?”

“சார், அங்கயும் கிடைக்காது.”

“போய்ப் பாக்காமயே கிடைக்காதுன்னா எப்படி மேடம்? அங்க இல்லாத மீனா?”

சாத்தனூர் அணையில் வறுத்த மீன் சாப்பிட்ட அனுபவத்தை வைத்து அவர் உலக மீன்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். துறைத் தலைவர் அம்மா மறுநாள் காலையிலேயே கல்லூரி வேனில் சாத்தனூர் போனார். சுத்த சைவம் அவர். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு விலாங்கு வாங்கிவந்தார். நீளம் சரி. வழவழப்பு சரி. ஆனால் அது வாயைத் திறந்தபடி செத்திருந்தது. மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று, இரண்டும் பிரமாதமாக இருந்தன.

“சார், இதுக்குத் தாடை இருக்குது” என்றேன்.

முதல்வர் மேஜைக்கு மேலே குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். “எடுத்துடலாமே” என்றார்.

நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “தாடை இருந்தா தாடையுள்ள மீன். எடுத்துட்டா தாடையில்லாத மீன். லாஜிக் சரிதானே மேடம்? நீங்கதான் டிசெக்‌ஷன்ல எக்ஸ்பர்ட்.”

முடியாது என்றேன். கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது. முதல்வர் குரலை இறக்கி, ரொம்ப அன்பாக, “கமிட்டி போனதும் முதல்ல உங்க ஃபைலத்தான் எடுக்கப் போறேன்” என்றார். மிரட்டலையும் வாக்குறுதியையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிற திறமைக்கு அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார். “மீனோட தாடைதானே? உன்னுதா போவுது?” அவர் நல்ல மனுஷன். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு அப்பளத்தை நொறுக்கினார்.

இரண்டு நாள் கழித்து லேபுக்குள் நுழைந்தால், தட்டில் விலாங்கு கிடக்கிறது, கீழ்த்தாடை இல்லை. துறைத் தலைவர் அம்மா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய், “ஒடம்பு அப்படியே வேணும், தாடை மட்டும் வேணாம்” என்று கேட்டாராம். அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூலி வாங்காமல் வெட்டிக் கொடுத்தானாம். பயந்திருப்பான். இப்போது அந்த அம்மா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்லூரியில் பாதிப் பேருக்கு அவர்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். கிழிந்து தொங்கிய வாயை இழுத்துப் பிடித்து, ரவிக்கைக் கழுத்துக்கு ஹெம்மிங் போடுகிற மாதிரி, அழகாக ஒரு வட்டம் தைத்துவிட்டார். நடுவில் ஜவ்வரிசியைப் பசை போட்டு வட்ட வட்டமாக ஒட்டினார். அதுதான் பல். பக்கத்துத் துடுப்பு இரண்டையும் கத்தரியால் நறுக்கினார். லாம்ப்ரேவுக்கு ஜோடித் துடுப்பு கிடையாது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மா ஏதோ ஒரு காலத்தில் படித்திருக்கிறார்.

பிறகு கோணி ஊசியை எடுத்துத் தலைக்குப் பின்னால் செவுள் ஓட்டை குத்த ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். இந்தக் காரியத்தில் எனக்குச் சம்பந்தம் இல்லை என்று முதுகால் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் கண்ணாடியில் தெரிகிற நிழலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எட்டாவது ஓட்டைக்கு ஊசியை வைத்தார்.

“மேடம், எட்டு இல்ல. ஏழு.”

சொன்னது நான்தான். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து, “தேங்க்ஸ்மா” என்றார். அத்தனை கொள்கையோடு ஒதுங்கி நின்ற நான் கடைசியில் அந்த மோசடிக்கு மேற்பார்வை பார்த்த கதை இதுதான். மோசடி நடக்கலாம், ஆனால் தப்பாக நடக்கக் கூடாது என்கிற அளவுக்குத்தான் என் நேர்மை இருந்தது.

கமிட்டி வருகிற நாளை முதல்வரே பேசிப் பௌர்ணமிக்கு மறுநாளாக வைத்திருந்தார். எங்கள் ஊருக்கு வருகிற எந்த அதிகாரியும் பௌர்ணமி என்றால் மறுப்பதில்லை. தரிசனத்துக்கு ஏற்பாடு, கிரிவலத்துக்குத் துணைக்கு ஆள், வழியில் சுக்குக் காபி, எல்லாம் கல்லூரி செலவு. ஆனால் அவர் கணக்கு அதோடு நிற்கவில்லை. ராத்திரி முழுக்கப் பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடந்தவர்கள், காலையில் மாடி ஏற மாட்டார்கள். விலங்கியல் மியூசியம் இரண்டாவது மாடி. “கீழயே எல்லாத்தையும் முடிச்சுடுவாங்க மேடம், கவலையே படாதீங்க” என்று என்னிடம் கண்ணடிக்காத குறையாகச் சொன்னார். அண்ணாமலையாரையே கல்லூரியின் தரத்துக்குப் பொறுப்பாக்கிய ஒரே நிர்வாகி அவராகத்தான் இருப்பார்.

கணக்கு முக்கால்வாசி சரியாகவே வந்தது. மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் நெற்றி நிறைய விபூதியோடு முதல்வர் அறை சோபாவில் சாய்ந்து, கட்டடத்தைப் போட்டோவில் பார்த்தே திருப்தி அடைந்தார்கள். மூன்றாவது ஒரு பேராசிரியை. வேலூர் பக்கம் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கிறவர், விலங்கியல். அவர் பாதத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடி ஏறிவிட்டார். பின்னாலேயே முதல்வர், துறைத் தலைவர் அம்மா, கல்லூரி மேலாளர், கடைசியில் நான்.

மியூசியத்தில் புது பெயின்ட் வாசனை. நடு அலமாரியில் விளக்குப் போட்டு, நல்ல லேபிளோடு, சாத்தனூர் லாம்ப்ரே. ஜவ்வரிசி ஊறியிருந்தது. பல்லெல்லாம் உப்பி, வாய்க்குள் பாயசம் வைத்த மாதிரி இருந்தது. ரெண்டு பல் கழன்று ஜாடியின் அடியில் கிடந்தது. பேராசிரியை குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ரொம்ப ரேர் மேடம். ஸ்பெஷலா வரவழைச்சோம்” என்றார் முதல்வர்.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். “இந்தப் பேப்பர் நீங்கதான எடுக்கறீங்க?”

“ஆமாங்க மேடம்.”

“இது இன்னா சொல்லுங்க.”

முதல்வர் வாயைத் திறந்தார். “உங்கள கேக்கல சார்” என்றார் அவர், என்னையே பார்த்துக்கொண்டு.

வீரம் வந்து நான் பேசியதாக யாராவது நினைத்தால் தப்பு. ஏழு ஓட்டையில் ஒன்று கோணலாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. பாடம் தெரிந்த ஒரு மனுஷி எதிரில் நின்று கேட்கிறாள், நான் இந்தப் பாயச வாயைக் காட்டி லாம்ப்ரே என்று சொல்ல வேண்டும். அத்தனை வருடம் நடத்திய பாடம். எனக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

“இது விலாங்கு மேடம். சாத்தனூர்ல வாங்கினது. தாடைய வெட்டிட்டு வாயத் தச்சிருக்காங்க.”

துறைத் தலைவர் அம்மா தரையைப் பார்த்தார். முதல்வர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. பேராசிரியை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டார். அவர் முகத்தில் மெச்சுகிற சாயலே இல்லை. சலிப்புதான் இருந்தது.

“கதவுகிட்ட வரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா” என்றார். “நீ லாம்ப்ரேன்னு சொல்லியிருந்தா தலையாட்டிட்டு எறங்கிப் போயிருப்பேன். எங்க காலேஜ்ல பறக்கற ஓணான்னு ஒண்ணு இருக்குது. சாதா ஓணானுக்குக் குடைத்துணிய ஒட்டி வெச்சது. நான் பாத்துக்கினேதான் இருக்கேன், ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்போ நீ இத்தினி பேர் எதிர்ல சொல்லிட்ட. எழுதாம போனா நானும் கூட்டுன்னு ஆயிடும். எழுதித்தான் ஆவணும்.” பிறகு நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். “ஏம்மா சொன்ன?”

நீங்கள்தானே கேட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். கேட்பதற்கும் பதிலை எதிர்பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது அந்த ஸ்டூலுக்கு எதிரில் நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் எழுதினார். தரம் ஒரு படி இறங்கியது. விலாங்கினால் மட்டும் இறங்கியதா, கழிப்பறையினால் இறங்கியதா, யாருக்கும் தெரியாது. ஆனால் விலாங்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். கழிப்பறைக்கு வாய் இல்லை, எனக்கு இருக்கிறது. இந்த வருடம் யாரையும் நிரந்தரமாக்குகிற உத்தேசம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது.

ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். ஆசிரமத்துக்குக் கூடப் போக வேண்டாம், அந்த மௌனம் எனக்கு இலவசமாகவே கிடைத்தது. வேதியியல் தோழி மட்டும் ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“உங்களுக்கு இன்னா மேடம், மனசுல பட்டத சொல்லிட்டீங்க. எனக்கும் சேத்து சொல்லிட்டீங்களே.”

நான் அழுதேன். அவளுக்கு எதிரில் இல்லை, பஸ்ஸில். சொன்னது சரி என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். அதனால் அவளுடைய மே மாதமும் போயிற்று என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்திருப்பது போல ஒரு இம்சை கிடையாது. பக்கத்து சீட்டில் கிரிவலம் முடித்து வந்த ஒரு அம்மா, நான் ஏதோ பக்தியில் உருகுகிறேன் என்று நினைத்துக் கையில் கொஞ்சம் விபூதி கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

ஏப்ரலில் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஜூனில் போன் வராது என்றுதான் நினைத்தேன். மே மாதக் கல்யாணங்களில், “சும்மாதாங்க இருக்கேன்” என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். ஆனால் போன் வந்துவிட்டது. என்னைத் துரத்துகிற அளவுக்கு அவர்களுக்கு என்மேல் அக்கறை இல்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை. முதல்வர் பழசை ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதவராக, “அடுத்த கமிட்டி வரட்டும் மேடம், உங்க ஃபைல மேலயே வெச்சிருக்கேன்” என்றார். வேதியியல் தோழியும் திரும்ப வந்திருந்தாள். வழியில் பார்த்தால் இப்போது தலையாட்டுகிறாள்.

கமிட்டியின் குறிப்பில், மாதிரிகளுக்குச் சரியான பெயர் எழுத வேண்டும் என்று இருந்ததாம். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது. லாம்ப்ரே என்கிற லேபிளைக் கிழித்துவிட்டு, ‘விலாங்கு, தாடையுள்ள மீன்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். ஜாடியை யாரும் தொடவில்லை. ஜவ்வரிசியை மட்டும் எடுத்துவிட்டு ஃபார்மலின் மாற்றியிருந்தார்கள். தைத்த வாய் அப்படியே இருந்தது. பெயர் சரி, மீனும் விலாங்குதான், இனிமேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. தாடையற்ற மீனுக்கு இப்போது எங்களிடம் மாதிரியே இல்லை. கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டி அந்தப் பாடத்தை முடித்தேன்.

அடுத்த வாரம் தாடையுள்ள மீன்கள். பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். புது வருடத்துக்கான சுற்று வந்த முதல்வரும் கதவருகில் வந்து கைகட்டி நின்றார். பிள்ளைகள் ஜாடியைச் சுற்றி நின்று லேபிளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் எழுதவில்லை. சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிற பெண். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். லேபிளைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மேடம், இது லாம்ப்ரேதானே?”

“இல்லம்மா. விலாங்கு.”

“போன வாரம் நீங்கதானே மேடம் சொன்னீங்க? வட்ட வாய், ஜோடித் துடுப்பு இல்ல, தாடை இல்லன்னு. இதுல எல்லாம் அப்படியே இருக்குதே.”

நான் நடத்தியதை இவ்வளவு சரியாக எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொன்னதில்லை. வேறு ஒரு இடமாக இருந்தால் அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன். கதவருகில் முதல்வர் தொண்டையைக் கனைத்தார். வேதியியல் லேபிலிருந்து தோழியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, அவள் ஏதோ கரைசலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“விலாங்குன்னே எழுதிக்கோம்மா” என்றேன்.

அவள் பேனாவைத் திறந்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “அப்போ தாடை எங்க மேடம்?”

“இருந்துச்சு” என்றேன். “எழுது.”